சம்மாந்துறையிலிருந்து மட்டக்களப்புக்கு: காஃப்காவுக்கு மறைகுறியாக்க இணைப்பு அமைத்த அனுபவம்

மட்டக்களப்பு நகரில் உள்ள எங்கள் சிறிய அலுவலகம், சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பகுதிகளின் சில அரிசி ஆலைகளில் இயங்கும் நெல் உலர்த்திகளின் வெப்பநிலையையும் ஈரப்பதனையும் ஐந்து செக்கன்களுக்கு ஒருமுறை பெற்று, அப்பாச்சி காஃப்கா எனும் செய்திப் பரிமாற்ற மென்பொருளில் சேர்த்து வருகிறது. முதல் ஆலையில் எல்லாம் ஒரே கட்டடத்துக்குள் இருந்ததால், 9092 ஆம் போர்ட்டில் (இணைப்பு வாயிலில்) தரவு மறைப்பில்லாமலே போய்க்கொண்டிருந்தது. ஆலைகள் பெருகி, அளவீடுகள் பொது இணையத்தைக் கடந்து அலுவலகத்தின் மூன்று புரோக்கர்களுக்கு (காஃப்கா சேவையகங்களுக்கு) வரத் தொடங்கிய பின்னர், அதை அப்படியே விட எனக்கு மனம் ஒப்பவில்லை. எந்த உலர்த்தி எப்போது ஓடுகிறது என்பது ஓர் ஆலையின் வியாபார இரகசியம். அதைக் காக்கும் பொறுப்பு எங்களுடையது.

பழைய போர்ட்டை மூடாமல், 9093 இல் டிஎல்எஸ் எனும் மறைகுறியாக்க இணைப்பை அதன் அருகிலேயே திறந்தேன். புரோக்கர்களை ஒவ்வொன்றாக மீள இயக்கி, பிறகு ஆலைகளை ஒவ்வொன்றாகப் புதிய போர்ட்டுக்கு மாற்றி, அடுத்துப் புரோக்கர்களுக்கு இடையிலான பேச்சையும் மாற்றி, எல்லாவற்றுக்கும் கடைசியாகவே 9092 ஐ மூடுவது என்பது திட்டம். இந்த ஒழுங்கில் போனால் எந்தக் கட்டத்திலும் தரவு நிற்காது.

டிஎல்எஸ்ஸில் ஒவ்வொரு புரோக்கரும் தன்னை அடையாளங்காட்டச் சான்றிதழ் வேண்டும். அவற்றில் கையொப்பமிட எங்களுக்கென ஒரு மூலச் சான்றிதழை உருவாக்கி, அதன் தனிச்சாவியை (இரகசியச் சாவியை) வலையமைப்பில் இணையாத கணினி ஒன்றில் வைத்தேன். ஒவ்வொரு புரோக்கருக்கும் ஜாவாவின் கீடூல் கருவி மூலம் சாவியை உருவாக்கி, சான்றிதழ் கேட்கும் கையொப்பக் கோரிக்கையில் புரோக்கரின் முழுப்பெயரை மாற்றுப்பெயர்ப் பகுதியில் சேர்த்து, ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருள் கொண்டு கையொப்பமிட்டேன். ஆயினும் சோதனைக் கணினி இணைய மறுத்தது. சான்றிதழில் மாற்றுப்பெயர் எதுவும் இல்லை என்றது. கோரிக்கையைத் திறந்து பார்த்தால் பெயர் இருக்கிறது, சான்றிதழைத் திறந்தால் இல்லை. அரை நாள் தேடிய பின்னரே காரணம் விளங்கிற்று: கோரிக்கையில் உள்ள நீட்சிகளை (மாற்றுப்பெயர் போன்ற கூடுதல் விவரங்களை) ஓப்பன்எஸ்எஸ்எல் தானாகச் சான்றிதழுக்குக் கொண்டுசெல்வதில்லை. கையொப்பமிடும்போது அவற்றைத் தனிக் கோப்பில் மறுபடி கொடுக்க வேண்டும், 3.0 பதிப்பு முதல், கோரிக்கையிலிருந்து நகலெடுக்கும்படி கட்டளையிலேயே கேட்கலாம்.

இந்த இடத்தில் பலரும் சொல்லும் குறுக்குவழி, புரோக்கரின் பெயரைச் சான்றிதழோடு ஒப்பிடும் பெயர் சரிபார்ப்பு அமைப்பை வெறுமையாக்கி அணைத்துவிடுவது. காஃப்கா 2.0 முதல் அந்தச் சரிபார்ப்பு இயல்பாகவே இயங்குகிறது. அதை அணைத்தால் தரவு மறைக்கப்பட்டே போகும், ஆனால் எவரிடம் போகிறது என்ற உறுதி இல்லாமற் போகும். அதை நான் செய்யவில்லை. எவருக்கும் பரிந்துரைக்கவும் மாட்டேன்.

அடுத்த தடங்கல் அக்கரைப்பற்று ஆலையில் வந்தது. அங்கிருந்த ஜாவா நிரல், போர்ட்டை 9093 ஆக மாற்றியவுடன் நினைவகம் போதவில்லை என்று விழுந்தது. 256 மெகாபைட்டாக இருந்த ஒதுக்கீட்டை இரட்டிப்பாக்கினேன். இப்போது விழவில்லை, இணைப்பு துண்டிக்கப்பட்டது என்ற செய்தி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. வலையமைப்பில் போகும் தரவைக் காட்டும் டிசிபிடம்ப் கொண்டு பார்த்தபோது, புரோக்கரின் பதில் பதினறும எண்களில் 15 03 03 00 என்று தொடங்கியது. அது டிஎல்எஸ் எச்சரிக்கைச் செய்தியின் தலைப்பு. அமைப்புக் கோப்பில் பாதுகாப்பு நெறிமுறையை மாற்ற நான் மறந்திருந்ததால், நிரல் மறைப்பில்லாமலே பேசியிருக்கிறது. வந்த பதிலின் முதல் நான்கு பைட்டுகளை, காஃப்கா வழக்கப்படி, செய்தியின் நீளம் என்று வாசித்திருக்கிறது. அப்படி வாசித்தால் 352518912 பைட்டுகள், ஏறத்தாழ 336 மெகாபைட்! அந்த அளவு இடத்தை ஒதுக்க முயன்றே அது விழுந்தது. நெறிமுறையை மாற்றும் ஒரு வரியைச் சேர்த்ததும் எல்லாம் சரியாயிற்று. எதிர்ப்பக்கத்திலும் இதே குழப்பம் உண்டு: டிஎல்எஸ் பேசும் நிரல் 9092 ஐத் தொட்டால், புரோக்கரின் பதிவில் 369295616 என்ற அளவு ஏற்கப்படவில்லை என்று வரும். இந்த இரண்டு எண்களையும் மேசைக்கு மேலே எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.

சம்மாந்துறையில் பெரும்போக நெல்லைக் காயவைத்து முடித்தபின் மூடிக் கிடந்த ஆலையொன்றில் வேறொரு சிக்கல். புதிய சாவிக் கோப்புகளைக் கொண்டுபோய் வைத்து மின்சாரம் கொடுத்ததும், சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்றது நிரல். நான் கோப்புகளையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க, திரையை எட்டிப் பார்த்த ஆலை மேற்பார்வையாளர், “தம்பி, இதுல திகதி மூணு மாசம் பிந்திக் கிடக்கே” என்றார். “ஓம் காக்கா, அதுதான் பிழை” என்றேன். அங்கே நிரலை ஓட்டும் ராஸ்பெரி பை எனும் சிறு கணினியில் மின்கலத்தால் ஓடும் கடிகாரம் இல்லை. அணைக்கப்பட்ட நாளிலேயே அதன் நேரம் நின்றிருந்தது, எங்கள் சான்றிதழோ அதற்குப் பின்னர் பிறந்தது. காஃப்கா நிரல் இத்தகைய தோல்வியில் மீண்டும் முயலாமல் நின்றுவிடும் என்பதால், இணையத்தோடு நேரம் ஒத்திசைந்த பின்னரே அது தொடங்கும்படி எல்லாக் கருவிகளிலும் அமைத்தேன்.

மறைகுறியாக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு. வட்டிலிருந்து நேராக வலையமைப்புக்குத் தரவை அனுப்பும் வசதியைப் புரோக்கர் இழப்பதால், செயலியின் வேலை கூடியது. எங்கள் அளவுக்கு அது தாங்கக்கூடியதே.

9092 ஐ மூடிய அன்று, ஒவ்வோர் ஆலையிலிருந்தும் அந்தப் போர்ட்டைத் தொட்டுப் பார்த்து, இணைப்பு மறுக்கப்படுகிறது என்பதை உறுதிசெய்தேன். சான்றிதழ்கள் ஓராண்டுக்கே செல்லும். காலாவதிக்கு 30 நாட்களுக்கு முன்னர் நினைவூட்டல் வரும். புரோக்கரை நிறுத்தாமலே புதிய கீஸ்டோரை (சாவியும் சான்றிதழும் உள்ள கோப்பை) ஏற்றும் முறையைச் சோதனைக் கணினியில் ஏற்கெனவே இரு தடவை செய்து பார்த்துவிட்டேன்.