2147483647: வேலையில் எதிர்ப்பட்ட பகா எண்

டேட்டாபேஸ் வேலையில் இருப்பவர்களுக்கு 2147483647 என்றாலே வயிற்றில் புளி கரையும். ஒரு டேபிளின் ஐடியை, அதாவது ஒவ்வொரு பதிவுக்கும் தரும் தனி எண்ணை, 32 பிட்டில் (32 இரும இலக்கங்களில்) வைத்திருந்தால், கூட்டல்-கழித்தல் குறிக்கு ஒரு பிட் போக, அது போகக்கூடிய எல்லை இதுதான். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஆர்டர் டேபிள் ஒருநாள் இந்த எல்லையைத் தொட்டுவிட்டது. அதன்பின் வந்த ஒவ்வொரு ஆர்டரும் 'இந்த ஐடி ஏற்கெனவே இருக்கிறது' என்ற பிழையோடு நின்றது. ஐடியை 64 பிட்டுக்கு மாற்றினோம். டேபிள் பெரியது, வேலை இரவு முழுக்க ஓடியது. காத்திருந்த நேரத்தில் அந்த எண்ணைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அன்று பிடித்த ஆர்வம் இன்னும் விடவில்லை.

31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் இந்த எண் வரும். இது பகா எண் என்று 1772-இல் கணித மேதை ஆய்லர் நிறுவினார். அப்போது அவருக்குப் பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது.

இதன் வர்க்கமூலம் 46341-க்குச் சற்றுக் கீழே. அதுவரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. ஏதாவது ஒரு பகா எண் இதை வகுக்குமானால், அந்த எண்ணால் வகுக்கையில் 2-இன் அடுக்குகள் 31 படிக்கு ஒருமுறை மீதி 1-க்குத் திரும்பும். ஆகவே அதிலிருந்து 1-ஐக் கழித்தால் 31-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். இன்னொரு நிபந்தனையும் உண்டு: 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7. இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மீதி தரும் எண்களே மிஞ்சும். 46341-க்குள் அப்படிப்பட்டவை வெறும் 373. அவற்றிலும் பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். தேடலை இவ்வளவு சுருக்கிவிட்டுத் தேடுவதுதான் எனக்குப் பேரழகு.

இந்தப் பகா எண்ணிலிருந்து 2305843008139952128 என்ற நிறைவெண் கிடைக்கிறது. தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் தானே வரும் எண் அது. இத்தகைய எண்களால் பயன் இல்லை, இதற்குமேல் யாரும் தேடப்போவதில்லை என்று 1811-இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் பீட்டர் பார்லோ எழுதினார். ஆனால் நாங்கள் சோதனைத் தரவு உருவாக்கப் பயன்படுத்திய ரேண்டம் எண் முறையே இந்தப் பகா எண்ணை நம்பித்தான் இருந்தது. 1988-இல் பார்க், மில்லர் இருவரும் பரிந்துரைத்த முறை அது. கையில் உள்ள எண்ணை 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்து, மீதியை அடுத்த எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டும். 1 முதல் 2147483646 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரே ஒருமுறை வந்தபிறகுதான் சுற்று திரும்பத் தொடங்கும். வகுக்கும் எண் பகா எண்ணாக இல்லாவிட்டால் இந்த முழுச்சுற்று கிடைக்காது.

சரி, நாங்கள் மாறிப்போன 64 பிட்டின் எல்லை? அது 9223372036854775807. அதாவது 63 இரண்டுகளின் பெருக்கலில் ஒன்று குறைவு. 63-ஐ 7 வகுப்பதால், 7 இரண்டுகளின் பெருக்கலில் ஒன்று குறைவான 127 இதை வகுத்துவிடும். 9-உம் 63-ஐ வகுப்பதால் 511-உம் வகுக்கும். பகா எண் இல்லை என்று சொல்ல கம்ப்யூட்டரே தேவைப்படவில்லை.