எம்.டெக்கா, எம்.எஸ்ஸா: கேட்டுக்குப் பிறகு நான் இடம் தேடியது

இஇஇ (எலக்ட்ரிகல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்) முடித்து, கேட் என்ற முதுகலை நுழைவுத் தேர்வும் எழுதிவிட்டு மேற்படிப்புக்கு இடம் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, "என் ஸ்கோருக்கு எந்த ஐஐடி கிடைக்கும்?" என்பதுதான். நானும் அங்கேதான் தொடங்கினேன். மார்ச்சிலிருந்து ஜூலை வரை அலைந்து முடிப்பதற்குள் என் கேள்வி மாறிவிட்டது. சேரும் படிப்பில், லேபில் உட்கார்ந்து வேலை செய்ய எவ்வளவு காலம் கிடைக்கும்? கடைசி முடிவை அதை வைத்துத்தான் எடுத்தேன். சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டியவருக்கு இதே கணக்கு நேர்மாறாக வரும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு விருதுநகர் பக்கம். அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில் படித்தேன். இறுதியாண்டு ப்ராஜெக்ட், சோலாரில் ஓடும் பம்புக்கு ஒரு இன்வெர்ட்டர். அதில் ஸ்விட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புகைந்தன. ஏன் புகைகின்றன என்று பார்க்க, சிக்னலின் அலையைத் திரையில் காட்டும் நல்ல ஆசிலோஸ்கோப் வேண்டும். கல்லூரியில் இருந்த ஒன்று, எக்ஸ்டர்னல் வரும் நாளில் மட்டும் பீரோவை விட்டு வெளியே வரும். மதுரையில் ஒரு சர்வீஸ் கடைக்காரரிடம் பழைய ஸ்கோப் இருந்தது. மாஸ்ஃபெட்டை ஆன், ஆஃப் செய்யும் கேட் முனையின் சிக்னலில் வரும் ரிங்கிங்கை, அதாவது தேவையில்லாத அதிர்வலையை, முதன்முதலில் கண்ணால் பார்த்தது அவர் கடையில்தான். படித்தால், இப்படி மின்சக்தியை ஸ்விட்ச் செய்து மாற்றும் பவர் எலக்ட்ரானிக்ஸ்தான் என்பது அப்போதே முடிவாகிவிட்டது. எங்கே என்பதுதான் தெரியவில்லை.

கேட் தேர்வு பற்றிச் சுருக்கமாக. பிப்ரவரியில் தேர்வு, 3 மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். ஐஐஎஸ்சியும் (பெங்களூரு இந்திய அறிவியல் கழகம்) பழைய ஏழு ஐஐடிகளும் முறை வைத்து நடத்துகின்றன. மார்ச்சில் ரிசல்ட் வரும்போது மதிப்பெண், ரேங்க், ஸ்கோர் என்று மூன்று எண்கள் கைக்கு வரும். சேர்க்கைக்குப் பெரும்பாலும் பார்ப்பது ஸ்கோரை, அது 1000-க்கு. தகுதி மதிப்பெண்ணுக்கு 350, அந்தத் தாளில் முதல் 0.1 சதவீதத்தினரின் சராசரிக்கு 900 என்று இரண்டு புள்ளிகளை வைத்து நேர்கோடு போட்டு இதைக் கணக்கிடுகிறார்கள். ஆகவே தாள் கடினமாக வந்த வருடத்தில் 50 மார்க் எடுத்தவருக்கு, எளிதாக வந்த வருடத்தில் அதே 50 எடுத்தவரைவிட ஸ்கோர் கூடும். "போன வருஷம் இத்தனை மார்க்குக்கு அங்க கிடைச்சுச்சு" என்று சீனியர்கள் சொன்னால், ஸ்கோர் எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள். ஸ்கோர் மூன்று வருடம் செல்லும் என்பதால் முந்தைய வருடங்களில் எழுதியவர்களும் நம்மோடு அதே வரிசையில் நிற்பார்கள். என் ஸ்கோர் நடுவாந்திரம். பழைய ஐஐடிகளில் பவர் எலக்ட்ரானிக்ஸ் எம்.டெக்குக்கு எட்டாது, புதிய ஐஐடிகளிலும் நல்ல என்ஐடிகளிலும் கிடைக்கலாம் என்ற அளவு.

விண்ணப்பம் போடும்போதுதான் முதல் குழப்பம். ஐஐடி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கவுன்சலிங் என்று என் வகுப்பில் பலர் நினைத்திருந்தார்கள். ஒவ்வொரு ஐஐடிக்கும் தனித்தனியாக, தனிக் கட்டணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். 'கோப்' என்கிற பொதுத்தளம், வந்த ஆஃபர்களை ஓரிடத்தில் காட்டி நம் பதிலை வாங்குவதற்கு மட்டும். அதில் பதிவு செய்துவிட்டு எல்லா ஐஐடிக்கும் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருந்த ஒரு நண்பனை ஏப்ரலில் உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது. என்ஐடிகளுக்கு சிசிஎம்டி என்ற பொதுக் கவுன்சலிங், அது நம் பி.இ. கவுன்சலிங் மாதிரியே சாய்ஸ் ஃபில்லிங். அண்ணா பல்கலையின் எம்.இ. இடங்களுக்கு இன்னொரு வழி. கிண்டியில் ஹை வோல்டேஜுக்கென்றே ஓர் எம்.இ. உண்டு, அந்தப் பக்கம் ஆர்வம் உள்ளவர்கள் ஐஐடி மயக்கத்தில் அதைத் தாண்டிப் போய்விட வேண்டாம்.

படிவத்தைத் திறந்தால் 'எலக்ட்ரிகல்' என்ற பெயருக்குள் எத்தனை படிப்புகள் என்று மலைப்பாக இருக்கும். ஐஐடி பாம்பேயில் ஒரே துறைக்குள் கம்யூனிகேஷன், கண்ட்ரோல், பவர், எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ், ஐசி டிசைன், டிவைஸ் என்று பிரிவுகள். அதிலும் டிஏ (டீச்சிங் அசிஸ்டன்ட்) என்றால் இரண்டு வருடம், ஆர்ஏ (ரிசர்ச் அசிஸ்டன்ட்) என்றால் மூன்று வருடம். பெங்களூரு ஐஐஎஸ்சியில் பவர் எலக்ட்ரானிக்ஸ் செய்பவர்கள் ஒரே கூரையின் கீழ் இல்லை. எலக்ட்ரிகல் துறையில் சிலர், முன்பு சிஇடிடி என்று அழைக்கப்பட்டு இப்போது எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் ஆகிவிட்ட துறையில் சிலர். துறையின் பெயரைப் பார்த்து விண்ணப்பித்தால் நமக்கு வேண்டிய லேப் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும். ஆசிரியர்களின் பக்கங்களைத் திறந்து, கடைசி மூன்று வருடத்தில் என்ன பேப்பர் போட்டிருக்கிறார்கள், அதில் ஹார்டுவேர் படம் ஒன்றாவது இருக்கிறதா என்று பார்த்துப் பட்டியல் போட்டேன்.

இத்தனைக்கும் நடுவே என்னை அதிகம் அலைய வைத்தது ஒரு சான்றிதழ். என்னிடம் இருந்தது மாநில அரசின் பிசி சாதிச் சான்றிதழ். மத்திய நிறுவனங்களில் அதை வைத்து இடஒதுக்கீடு கேட்க முடியாது. மத்திய அரசின் படிவத்தில் ஓபிசி நான்-க்ரீமி லேயர் சான்றிதழ் வேண்டும், அதுவும் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக. விண்ணப்பமோ மார்ச்சிலேயே திறந்துவிடும். நான் போட்ட இடங்களில் உறுதிமொழி கொடுத்துவிட்டுப் பிறகு சமர்ப்பிக்க விட்டார்கள். இ-சேவை மையத்தில் பதிந்த பிறகு விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று கோப்பு நகர்ந்தது. ஓரிடத்தில், "அதான் பிசி கார்டு இருக்கே, இது எதுக்கு?" என்று கேட்டு நிறுத்தி வைத்தார்கள். ஐஐடி அறிக்கையில் அந்தப் படிவம் இருந்த பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு அப்பா போய் நின்ற பிறகு நகர்ந்தது. இதை ஏப்ரல் முதல் வாரத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

இனி லேப் கணக்குக்கு வருகிறேன். எம்.டெக் இரண்டு வருடம். சேர்ந்த முதல் இரண்டு செமஸ்டரும் பாடம், அசைன்மென்ட், வாரம் 8 மணி நேரம் டிஏ வேலை. ப்ராஜெக்ட் சூடு பிடிப்பது அடுத்த கோடையில். ஐஐடிகளில் ப்ளேஸ்மென்ட் டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கும். ஆகஸ்டிலிருந்தே எல்லோரும் ஆப்டிட்யூடும் பழைய இன்டர்வியூ கேள்விகளுமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். வேலை கிடைத்த பிறகு ஜனவரியிலிருந்து மே வரை தீசிஸ். பவர் எலக்ட்ரானிக்ஸில் இந்த இடைவெளி போதாது. சர்க்யூட் வரைந்து, அதற்கான சர்க்யூட் போர்டு அடித்து, பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வந்து, சால்டர் செய்து, பவர் கொடுத்தால் முதல் போர்டு எரியும். இரண்டாவது போர்டு ஓடத் தொடங்கும்போது கான்வகேஷன் வந்துவிடும். அதனால் பலர் சிமுலேஷனோடு முடித்துக்கொள்கிறார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு ஏற்கெனவே சிமுலேஷனில் எல்லாம் ஓடியது, கையில்தான் புகைந்தது.

ஐஐடி மெட்ராஸில் எம்.எஸ். என்று ஓர் ஆராய்ச்சிப் படிப்பு இருப்பதை ஒரு சீனியர் அண்ணன் சொல்லித்தான் கவனித்தேன். பாடங்கள் குறைவு, மீதிக் காலம் முழுக்க லேப். முடிக்கச் சாதாரணமாக இரண்டரை, மூன்று வருடம் ஆகும். உதவித்தொகை எம்.டெக்குக்குக் கிடைக்கும் அதே தொகைதான், மாதம் 12,400 ரூபாய். என் மாதிரி ஸ்கோர்காரர்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. கேட் ஸ்கோர் உங்களை அழைக்க வைக்கும், அதன் பிறகு எழுத்துத் தேர்வும் நேர்காணலும்தான் முடிவு செய்யும்.

லேபுகளைப் பற்றிப் பேராசிரியர்களுக்கு மெயில் போட்டேன். பெரும்பாலும் பதில் இல்லை, அதை எதிர்பார்க்கவும் கூடாது. அங்கே படிக்கிற மாணவர்களுக்கு எழுதினால் பதில் வருகிறது, போனிலும் பேசுகிறார்கள். "லேப் எப்படி?" என்று கேட்டால் "நல்லா இருக்கும்" என்பார்கள், அத்தோடு முடிந்தது. நான் கேட்டவை வேறு. ஒரு போர்டு அடிக்கக் கொடுத்தால் எத்தனை வாரத்தில் வரும்? பாகம் எரிந்தால் யார் காசு? கடைசியாக முடித்துப் போனவருக்கு எத்தனை வருடம் ஆயிற்று? கைடை வாரத்துக்கு எத்தனை முறை பார்க்க முடிகிறது? மூன்றாவது கேள்விக்கு ஒருவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாலரை" என்றார். அந்த லேபைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

இன்னொன்று, ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் என்பிடெல் தளத்தின் பாட வீடியோக்கள். ஐஐடி பாம்பேயின் பி.ஜி.பெர்னாண்டஸ், ஐஐஎஸ்சியின் எல்.உமானந்த் போன்றவர்களின் பவர் எலக்ட்ரானிக்ஸ் வகுப்புகள் முழுசாக இலவசமாகக் கிடைக்கின்றன. நேர்காணலுக்கு அதைவிட நல்ல தயாரிப்பு எனக்குத் தெரியாது.

மே மாதம் மெட்ராஸ் எம்.எஸ். நேர்காணல். முதலில் ஓர் எழுத்துத் தேர்வு, நெட்வொர்க்கும் கணிதமும்தான் அதிகம். தேறியவர்களை உள்ளே கூப்பிட்டார்கள். போர்டு, சாக்பீஸ், எதிரே நான்கைந்து பேர். பிடித்த பாடம் எது என்று கேட்டுவிட்டு அதிலிருந்தே ஆரம்பித்தார்கள். 24 வோல்ட்டை 12 ஆக்கும் பக் கன்வெர்ட்டர் வரையச் சொன்னார்கள். டியூட்டி, அதாவது ஸ்விட்ச் ஆனில் இருக்கும் நேரத்தின் பங்கு, எவ்வளவு? பாதி. இண்டக்டர் கரண்ட் வரை. வரைந்தேன். இப்போது டியூட்டியை மாற்றாமல் லோடைக் குறைத்துக்கொண்டே போனால் அவுட்புட் என்ன ஆகும்? மாறாது என்று வாய் வரை வந்துவிட்டது. கரண்ட் அலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கி வரைந்து பார்த்தேன். ஒரு கட்டத்தில் அது பூஜ்யத்தைத் தொட்டு அங்கேயே கிடக்கிறது, அதன் பிறகு அவுட்புட் 12-க்கு மேலே ஏறும். "ஏன் ஏறுகிறது, சமன்பாடு இல்லாமல் சொல்" என்றார் ஒருவர். அதற்குத்தான் நேரம் பிடித்தது. பிறகு பள்ளிக்கூடக் கேள்வி ஒன்று. சார்ஜ் ஏறிய ஒரு கெப்பாசிட்டரை அதே அளவு காலி கெப்பாசிட்டரோடு இணைத்தால் பாதி எனர்ஜி எங்கே போகிறது? ஒயரின் ரெசிஸ்டன்ஸில் என்றேன். ரெசிஸ்டன்ஸைப் பத்து மடங்கு குறைத்தால் இழப்பும் குறையுமா? குறையாது, நேரம்தான் சுருங்கும். சிரித்தார்கள். ப்ராஜெக்டைப் பற்றிக் கேட்டபோது ஓடாத போர்டையும் ரிங்கிங் கதையையும் அப்படியே சொன்னேன். கேட் சிக்னலைக் கொடுக்கும் டிரைவருக்கும் மாஸ்ஃபெட்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் விட்டாய் என்று கேட்டார்கள். ஒரு சாண் என்று கையால் காட்டினேன். அந்த நீளம்தான் ரிங்கிங்குக்குக் காரணம் என்பதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அந்த நேர்காணலின் முடிவு வருவதற்குள் கோப் ரவுண்டுகள் தொடங்கிவிட்டன. ஆஃபர் வந்தால் மூன்று பட்டன்கள். 'அக்செப்ட் அண்ட் ஃப்ரீஸ்' அழுத்தினால் இடம் உறுதி, அதோடு மற்ற ரவுண்டுகளை மறந்துவிட வேண்டும். 'ரீடெய்ன் அண்ட் வெயிட்' என்றால் கையில் வைத்துக்கொண்டு இன்னும் நல்லதற்குக் காத்திருப்பது. 'ரிஜெக்ட் அண்ட் வெயிட்' என்றால் அதை விட்டுவிட்டுக் காத்திருப்பது. குறித்த நேரத்துக்குள் ஒன்றும் அழுத்தாமல் விட்டால் ஆஃபர் கைவிட்டுப் போய்விடும். எனக்கு ஒரு புதிய ஐஐடியில் பவர் சிஸ்டம்ஸ் வந்தது. பவர் சிஸ்டம்ஸ் நல்ல துறைதான், ஆனால் லோடு ஃப்ளோவும் ஸ்டெபிலிட்டியும் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் நடக்கிற வேலை. ரீடெய்ன் கொடுத்தேன். அந்தப் பக்கம் சிசிஎம்டியில் திருச்சி என்ஐடி பவர் எலக்ட்ரானிக்ஸ் எட்டிவிடும் போல இருந்தது. மெட்ராஸ் எம்.எஸ். முடிவு வந்தபோது, ஐஐடி பெயரா திருச்சியா என்று வீட்டில் ஏற்கெனவே விவாதம் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பாவுக்கு இரண்டுமே முக்கியம் இல்லை. "பவர் கிரிட்ல கேட் மார்க்க வச்சு எடுக்கிறாங்களாமே, அதுக்குப் போட்டியா?" என்று மத்திய அரசின் மின்கடத்தல் நிறுவனத்தைப் பற்றிக் கேட்டதுதான் அவர் கேள்வி. போட்டிருந்தேன், அழைப்பு வரவில்லை. மாமா கணக்காகவே கேட்டார்: "திருச்சின்னா ரெண்டு வருஷத்துல சம்பளம். மெட்ராஸ்னா மூணு வருஷம் பன்னெண்டாயிரத்து நானூறு. அந்த ஒரு வருஷத்துச் சம்பளத்த யாரு குடுப்பா?" நியாயமான கேள்வி, இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கடன், தங்கையின் படிப்பு என்று இருந்திருந்தால் திருச்சிக்குத்தான் போயிருப்பேன், வருத்தமில்லாமல். எங்கள் வீட்டில் அப்போது அப்பாவின் சம்பளம் ஓடிக்கொண்டிருந்தது, தலைக்கு மேல் கடன் இல்லை. எம்.எஸ். எடுத்துக்கொண்டு கோப் ஆஃபரை ரிஜெக்ட் செய்தேன், சிசிஎம்டியிலிருந்தும் விலகினேன்.

இப்போது இரண்டாம் வருடம் நடக்கிறது. நான் விட்ட அதே திருச்சி படிப்பில் சேர்ந்த தோழிக்கு ஓசூரில் மின்சார ஸ்கூட்டர் கம்பெனியில் வேலை உறுதியாகிவிட்டது. மோட்டார் கண்ட்ரோலர் குழு, நல்ல சம்பளம். நான் சிலிக்கான் கார்பைடு மாஸ்ஃபெட் வைத்த கன்வெர்ட்டரின் மூன்றாவது போர்டுக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன். முதல் இரண்டும் எப்படிப் போயின என்று அவளிடம் சொன்னபோது, லேஅவுட் ஃபைலை அனுப்பு, எங்கள் குழுவில் காட்டுகிறேன் என்றாள். கைடிடம் கேட்டுவிட்டு அனுப்ப வேண்டும்.