வந்தியத்தேவனுக்கு முன்னால்

தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கம் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக் கதைப்புத்தகம் வாங்குவதென்றால் பெரியவர்களின் கை நேராகப் போகிற இடம் பொன்னியின் செல்வன். ஐந்து பாகமும் சேர்ந்த செட். நம்ம ஆறு, நம்ம ஊர்க் கதை. பிள்ளையும் ஆசையாகத்தான் பிரிக்கும். இரண்டாவது அத்தியாயத்தில் ஆழ்வார்க்கடியான் சைவரோடும் அத்வைதியோடும் வாதம் பண்ணுகிற இடத்தில் பக்க முனையை மடித்து வைக்கும். மடிப்பு மடிப்பாகவே கிடக்க, செட் ஷோகேசுக்குப் போய்விடும்.

கல்கி மேலும் குற்றமில்லை, பிள்ளை மேலும் குற்றமில்லை. கணக்குத்தான் உதைக்கிறது. மொத்தம் 293 அத்தியாயம், பதிப்பைப் பொறுத்துச் சுமார் 2000 பக்கம். தமிழைப் பாடப்புத்தகத்தில் மட்டும் பார்த்த பிள்ளையைப் பத்து நிமிஷம் வாய்விடாமல் படிக்கச் சொல்லி, எத்தனை பக்கம் போனது என்று பாருங்கள். மூன்று என்று வைத்துக்கொள்வோம். தினம் அரை மணி நேரம் விடாமல் படித்தாலும் 9 பக்கம். முடிக்க ஏழு மாதத்துக்கு மேல் ஆகும். நடுவில் காலாண்டு, அரையாண்டு, தீபாவளி. முதல் நாவலுக்கு இது ஆகாது. 100, 120 பக்கத்தில் முடிந்து, "ஒரு புத்தகத்தை முடித்துவிட்டேன்" என்ற தெம்பைக் கொடுப்பதுதான் முதல் நாவல்.

வேகத்தோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். புத்தகத்தின் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து படிக்கச் சொல்லுங்கள். புரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கட்டும். ஆள் பெயர், ஊர்ப் பெயர் கணக்கில் வராது. எந்தச் சொல் தெரியாததால் வாக்கியமே நின்றுபோகிறதோ அதற்கு மட்டும் விரல். ஐந்தும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் அடுத்த வருஷத்துக்கு, அல்லது நீங்கள் வாசித்துக்காட்டுவதற்கு. முதல் பக்கத்தில் இதைச் செய்யாதீர்கள். முதல் பக்கத்தை எல்லா எழுத்தாளரும் கொஞ்சம் அலங்காரமாகத்தான் எழுதுவார்கள்.

"ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல்" என்பது நூலகவியலின் ஐந்து விதிகளில் ஒன்று. 1931இல் அவற்றைப் புத்தகமாகத் தந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1892இல் சீர்காழியில் பிறந்தவர். ஆனால் நம் பக்கத்துக் கிளை நூலகங்கள் பலவற்றில் சிறுவர் அலமாரி பஞ்சதந்திரத்தோடு முடியும், அதை ஒட்டியே பெரியவர்கள் நாவல். 11இலிருந்து 16 வரை உள்ள பிள்ளை இரண்டுக்கும் நடுவில் நிற்கும். நூலகரிடம் "சின்னப் பிள்ளைக்கு நாவல்" என்று கேட்டால் சிறுவர் அலமாரியைத்தான் காட்டுவார். புத்தகத்தின் பெயரையும் எழுதியவர் பெயரையும் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போய்ப் பொது நாவல் வரிசையில் தேடுங்கள். உறுப்பினராகக் கட்டும் காப்புத்தொகை ஒரு நாவலின் விலைகூட வராது.

அந்தச் சீட்டில் முதலில் எழுத வேண்டியது ஜெயமோகனின் பனி மனிதன். இமயமலை, பனிமனிதனைத் தேடிப் போகும் பயணம், ஊடே அறிவியல். தினமணியின் சிறுவர்மணியில் தொடராக வந்தது, அதனால் அத்தியாயங்கள் ஒரே மூச்சில் முடிகிற அளவு. 11, 12 வயதுக்குச் சரி. உதயசங்கரின் ஆதனின் பொம்மையும் அதே வயதுக்குத்தான். கீழடியை வைத்து எழுதியது, 2023இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. ஆதன் என்ற பெயர் கீழடிப் பானை ஓட்டிலேயே இருக்கிறது. அதன் படத்தைக் காட்டிவிட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள்.

மரப்பாச்சி சொன்ன ரகசியத்தைத் தலைப்பைப் பார்த்துப் பொம்மைக் கதை என்று வாங்கிவிடுகிறார்கள். யெஸ். பாலபாரதி எழுதிய இந்த நாவல் பேசுவது பிள்ளைகள்மீதான பாலியல் சீண்டலைப் பற்றி. பிள்ளைக்குப் புரிகிற மொழியில், பயமுறுத்தாமல் பேசுகிறது. கட்டாயம் கொடுக்க வேண்டியது. ஆனால் வீட்டில் அம்மாவோ அத்தையோ முன்னாலேயே படித்திருக்க வேண்டும், ஏனென்றால் பிள்ளை கேள்வியோடு வரும். இரா. நடராசனின் ஆயிஷாவும் அப்படித்தான். மெல்லிய புத்தகம், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். பக்கம் குறைவு என்பதற்காகப் பத்து வயதுப் பிள்ளைக்குத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். கேள்வி கேட்டு அடி வாங்கும் ஒரு மாணவியின் கதை அது, சாவில் முடிகிறது. 13க்கு முன்னால் வேண்டாம்.

13, 14இல் கதைப்புத்தகத்தை விட்டுப் போனுக்குப் போன பையனை இழுக்க சுஜாதாவின் என் இனிய இயந்திரா இன்றைக்கும் வேலை செய்கிறது. வாக்கியம் குட்டை, பாதிக்குப் பாதி பேச்சு. ஜீனோ என்கிற இயந்திர நாய்தான் கதையின் உயிர். 1980களில் எழுதிய கதை நடக்கிற காலம் 2021. அந்த வருஷம் வந்து போயே விட்டது. எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பையனே பட்டியல் போடுவான். அடுத்தது மீண்டும் ஜீனோ. அதே அலமாரியில் இருக்கும் மற்ற சுஜாதாவையெல்லாம் மொத்தமாக அள்ளிவராதீர்கள், பல கதைகள் பெரியவர்களுக்கானவை.

கி. ராஜநாராயணனின் பிஞ்சுகள் பறவைகள்மேல் பைத்தியமாகத் திரியும் ஒரு சிறுவனின் கதை. கரிசல் பேச்சு நம் பிள்ளைகள் காதுக்குப் புதுசு, கண்ணால் படித்தால் தடுக்கும். முதல் பத்துப் பக்கம் வாய்விட்டு வாசியுங்கள், பிறகு தானாக ஓடும். கோடியக்கரையில் பூநாரை இறங்கும் மார்கழி, தை இதற்கு நல்ல சமயம்.

இத்தனைக்கும் பிறகுதான் கல்கி. அதிலும் நேராக ஐந்து பாகத்துக்குப் போகாமல் பார்த்திபன் கனவு. மூன்று பாகம்தான், உறையூர்ப் பக்கம் காவிரியில் படகோட்டி பொன்னனோடு தொடங்குகிறது. அது பிடித்திருந்தால் பொன்னியின் செல்வன் முதல் பாகத்தை மட்டும் வாங்குங்கள். முதல் ஆறு அத்தியாயத்தை, ஆடித் திருநாளிலிருந்து நடுநிசிக் கூட்டம் வரை, பெரியவர் ஒருவர் வாசித்துக்காட்ட வேண்டும். ஆடிப்பெருக்கில் சப்பரம் இழுத்த பிள்ளைக்கு முதல் அத்தியாயம் விளக்கமே கேட்காது. இரண்டாவதில் வாதத்தைச் சுருக்கிச் சொல்லிவிட்டு நகரலாம், கல்கி கோபித்துக்கொள்ள மாட்டார். கடம்பூர் மாளிகையில் வந்தியத்தேவன் ஒளிந்திருந்து சதியாலோசனையைப் பார்க்கிற அந்த ஆறாவது அத்தியாயத்துக்கு அப்புறம் புத்தகத்தைப் பிள்ளையே பிடுங்கிக்கொள்ளும்.

1999இல் கல்கியின் எழுத்து நாட்டுடைமையானதால் ஏகப்பட்ட பதிப்புகள். விலை மலிவு என்று எடுக்கும் முன் பொருளடக்கத்தை எண்ணுங்கள்: பாகவாரியாக 57, 53, 46, 46, 91 அத்தியாயம். குறைந்தால் அது சுருக்கம். பக்கத்துக்கு 30 வரிக்கு மேல் நெருக்கி அடித்திருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். பெரியவர் கண்ணே வரி மாறிப் போகும்.

படிக்கும்போது பக்கத்தில் ஒரு தமிழ்நாட்டு வரைபடம் இருக்கட்டும். வீராணம், கடம்பூர், குடந்தை, தஞ்சை, பழையாறை, கோடிக்கரை என்று வந்தியத்தேவன் போகிற வழியைப் பிள்ளை பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வரலாம். "நந்தினி நிஜமா?" என்று கேட்கும். நந்தினியும் பூங்குழலியும் கற்பனை, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையானது நிஜம். அந்தக் கொலையில் தொடர்புடையவர்களின் நிலம் பற்றிய கல்வெட்டு காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலில் இருக்கிறது. கதையில் சதிகாரனாக வருகிற ரவிதாசன் பெயரும் அதில் உண்டு. கதை தொடங்குகிற வீராணம் கரை அங்கிருந்து கூப்பிடு தூரம்.

தி. ஜானகிராமன் பைத்தியமான அப்பாக்கள் 15 வயதில் மோகமுள்ளைத் திணிப்பார்கள். கும்பகோணம் என்பதற்காக வேண்டாம், அது காத்திருக்கும். அந்த வயதுக்குப் பெருமாள்முருகனின் பூனாச்சி பொருத்தம். ஒரு வெள்ளாட்டின் கதைதான், பஞ்சமும் அதிகாரமும் உள்ளே இருக்கின்றன.

ஐப்பசி, கார்த்திகையில் மழை லீவுதான் நாவலுக்கு வாகான காலம், புத்தகத்துக்குக் கெட்ட காலமும் அதுதான். வெளிச்சுவரை ஒட்டி அடுக்கினால் பூஞ்சை பிடிக்கும், சுவருக்கும் புத்தகத்துக்கும் நாலு விரல் இடைவெளி விடுங்கள். தை பிறந்ததும் நிழலில் விரித்து உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் அட்டை வளைந்துகொள்ளும்.

16க்கு மேல், பள்ளி முடிவதற்குள், டெல்டாப் பிள்ளை ஒன்று படித்தாக வேண்டும்: சோலை சுந்தரபெருமாளின் செந்நெல். 1968 டிசம்பர் 25இல் கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதைப் பற்றிய நாவல். நடவும் அறுப்பும் கூலியும் நம் பேச்சிலேயே வரும், அதனால் சொல் எங்கேயும் தடுக்காது. பிள்ளை படிக்கிற அதே வாரம் நீங்களும் படித்துவிடுங்கள். அது கேட்கப்போகிற கேள்விகளுக்குப் பின்னட்டைக் குறிப்பு போதாது.