பழைய மொபைல் ஹோம் விற்கிறீர்களா? கடனைப் பற்றி முதலில் பாருங்கள்

அமெரிக்காவில் பழைய மொபைல் ஹோமை (தொழிற்சாலையில் கட்டி, இழுத்து வந்து மனையில் வைக்கும் வீடு) விற்க நினைத்தால், விலை பேசுவதற்கு முன் கட்டிய தேதியைப் பாருங்கள். 1976 ஜூன் 15-க்கு முன் கட்டியதென்றால் வாங்குபவருக்குக் கடன் தராமல் பெரும்பாலான வங்கிகள் கையை விரித்துவிடும். இவ்வகை வீடுகளுக்கான ஹட் (HUD, அமெரிக்க வீட்டுவசதித் துறை) தரவிதி அமலுக்கு வந்த நாள் அது.

அதற்குப் பிந்தைய வீடென்றால், வெளிச்சுவரின் பின்கோடியில், கீழ்ப்பக்கம், அந்தத் தரவிதிக்குச் சான்றாகச் சிவப்பு அலுமினியத் தகடு ரிவெட் அடித்திருக்கும். இரண்டு பகுதிகளை இணைத்த இரட்டை அகல வீட்டுக்கு இரண்டு தகடு. சுவர்ப் பலகை மாற்றியவர்கள் பலர் இதைப் பிய்த்து எறிந்திருப்பார்கள், வேடிக்கைதான். உள்ளே சமையலறை அலமாரிக் கதவிலோ மின்பெட்டி அருகிலோ ஒட்டிய தரவுத்தாளையும் (வீட்டின் தயாரிப்பு விவரத் தாள்) தேடுங்கள்.

நிலம் வாடகையென்றால் வீட்டு அடமானக் கடன் பொதுவாகக் கிடைக்காது. வீட்டை மட்டும் ஈடாக வைக்கும் சாட்டல் கடன்தான். வட்டி கூடுதல், தவணைக்காலம் குறைவு.

அதனால் பலர் தாங்களே தவணைக்கு விற்கிறார்கள். 25,000 டாலர் வீடு, முன்பணம் 5,000, மீதிக்கு 9% வட்டி, 7 வருடம் என்றால் மாதம் சுமார் 322 டாலர். வாங்குபவர் இதோடு மனை வாடகையும் கட்டவேண்டும். அது பாக்கி விழுந்தால் பார்க் (மனைகளை வாடகைக்கு விடும் மொபைல் ஹோம் வளாகம்) நிர்வாகம் காலி செய்யச் சொல்லும். உங்கள் ஈடு நடுத்தெருவில் நிற்கும். எனவே பார்க்கின் ஒப்புதல் வந்தபிறகே கையெழுத்து. டைட்டிலில் (வீட்டின் உரிமைப் பத்திரத்தில்) உங்கள் பெயர் வீட்டை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுத்தவராகப் பதிவாகவேண்டும், காப்பீட்டிலும் அப்படியே. வெறும் கைச்சீட்டை நம்பாதீர்கள். அடிக்கடி இப்படி விற்றால் கடன் வழங்குநர் உரிமச் சட்டம் குறுக்கே வரும், வக்கீலைக் கேளுங்கள்.