ரெட் டுவார்ஃபின் முன்னோடி எது?

பி.பி.சி. 2 அலைவரிசையில் 1988-இல் தொடங்கிய ‘ரெட் டுவார்ஃப்’ தொடர், டக்ளஸ் ஆடம்ஸின் ‘ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு’ வழிவந்தது என்று ரசிகர்களில் ஒரு சாரார் அடித்துச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டுமே பிரிட்டிஷ் விண்வெளி நகைச்சுவை என்பது உண்மைதான். ஆனால் அங்கே அண்டமெங்கும் வேற்றுக்கிரகவாசிகள் நெரிசலாகத் திரிகிறார்கள். இங்கே அப்படி ஒருவர்கூடக் கிடையாது. விண்கலத்தில் காலம் நிறுத்தப்பட்ட அறையிலிருந்து முப்பது லட்சம் ஆண்டுகள் கழித்து வெளியே வரும் பணியாளன் லிஸ்டர், இறந்துபோன அறைத்தோழன் ரிம்மரின் ஹாலோகிராமோடு (ஒளியாலான உருவத்தோடு) மல்லுக்கு நிற்பதுதான் கதையே.

என் கணிப்பில் இதன் நேரடி முன்னோடி, ஜான் கார்பென்டர் 1974-இல் வெளியிட்ட ‘டார்க் ஸ்டார்’. அலுத்துச் சலித்த பணியாளர்கள், உறைநிலையில் வைக்கப்பட்ட இறந்த தலைவரிடமே யோசனை கேட்பது, வெடிக்கத் துடிக்கும் குண்டிடம் தத்துவம் பேசி அதைத் தடுக்க முயல்வது என அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு, எதைப் பேசினாலும் ரொட்டி வாட்டித் தரவா என்று நச்சரிக்கும் ‘ரெட் டுவார்ஃப்’ டோஸ்டர் எந்த வம்சம் என்பதில் ஐயம் எழாது. (அதன் திரைக்கதையில் பங்குகொண்ட டான் ஓபானன்தான் பின்னர் ‘ஏலியன்’ படத்தை எழுதினார், அதையும் ‘ரெட் டுவார்ஃப்’ தன் ‘பாலிமார்ஃப்’ அத்தியாயத்தில் கேலி செய்யாமல் விட்டுவைக்கவில்லை.)