ஊசி பிடித்த கை எழுதிய நாவல்

மிட்டியார்யுக் நப்பாலுக் பள்ளிக்கூடம் போனவர் இல்லை. நாவல் என்று ஒன்றை அதற்கு முன் வாசித்தவரும் இல்லை. 1931இல் பிறந்தவர்; வடதுருவப் பகுதிப் பூர்வகுடிகளான இனுயிட் மக்களில் ஒருவர். கனடாவில் கியூபெக்கின் வடகோடியில் காங்கிக்சுயுவாக் என்ற கடற்கரை ஊரில் இருந்துகொண்டு ‘சனாக்’ நாவலை எழுதினார். ஆண்களின் வேட்டை, பெண்களின் தையல் இரண்டையும் சிறுவயதிலேயே கற்றவர்.

1950களின் தொடக்கத்தில், மொழி படிக்க வந்த கத்தோலிக்கப் பாதிரியார்கள் அன்றாடம் பேசுகிற வாக்கியங்களை எழுதித் தரச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தவர் சனாக் என்ற விதவையையும் அவள் மகள் குமாக்கையும் உயிரோடு எழுப்பிவிட்டார். நடுவில் நோய், தெற்கே ஆஸ்பத்திரி வாசம். 48 அத்தியாயங்களை முடிக்கக் கிட்டத்தட்ட 20 ஆண்டுகள். அச்சில் வந்தது 1984இல்தான்.

என்னிடம் வாங்கிப் படித்த தோழி, “கதையே நகரலியே” என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொடக்கத்திலேயே சனாக் படுக்கைப் பாய்க்குச் சுள்ளி பொறுக்கப் புறப்படுகிறாள். அப்புறம் தோல் சுரண்டுவது, தைப்பது, பசி, சண்டை, சிரிப்பு. இனுயிட் பெண்கள் படகுக்கு நீர் புகாமல் தோலைத் தைக்கும்போது, ஊசி மறுபக்கம் வந்துவிடாமல் தோலின் பாதிக் கனத்துக்குள்ளேயே ஓட வேண்டும். பிசகினால் கடலில் இருப்பவனுக்கு ஆபத்து. நகராத கதையா இது?

குளச்சலில் எங்கள் அம்மை வலை பின்னித்தான் எங்களைப் படிக்க வைத்தாள். கண்ணி எல்லாம் ஒரே அளவில் விழ வேண்டும். ஒவ்வொரு முடிச்சையும் சுண்டி இறுக்கி இறுக்கி, நைலான் நூல் அவள் சுட்டுவிரலில் கோடு கோடாக அறுத்திருக்கும். பழந்துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி உட்காருவாள். கடலுக்குப் போன ஆண்களின் கதைகள் எங்கள் கரையில் ஏராளம். அந்த விரல் எந்தக் கதையிலும் வந்து நான் பார்த்ததில்லை. மிட்டியார்யுக்கை நான் இவ்வளவு கொண்டாடுவது அதனால்தான்.

அவர் எதையும் பூசி மெழுகவும் இல்லை. வெள்ளையர் வருகிறார்கள், புதிய மதம் வருகிறது. விதவையான சனாக் மறுபடி மணந்துகொண்ட கணவன் கலிங்கு அவளை அடிக்கிறான். காயத்தோடு அவளை வெளியூருக்குச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டியதாகிறது. எழுதச் சொன்னவர்கள் பாதிரியார்கள் என்பதை நினைத்தால், இந்தத் துணிச்சல் இன்னும் பெரிது.

பள்ளிக்கூடம் போகாத அவர்தான் பிற்பாடு பிள்ளைகளுக்கு இனுயிட் மொழியும் பண்பாடும் கற்றுக்கொடுத்தார். 2000இல் மெக்கில் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 2007இல் காலமானார். நாவல் பிரெஞ்சில் 2002இலும் ஆங்கிலத்தில் 2014இலும் வந்தது.

தமிழில் யாராவது கொண்டுவருவதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். தையல் வரும் பக்கங்களை வலை பின்னுகிற ஒருத்திக்கு வாசித்துக் காட்டிவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.