கத்திரிக்கா ஹீரோ, கத்திரி வெயில் வில்லன்

மொத்தமே ஒன்றரை நிமிஷம்தாங்க படம். அதுக்கு நாங்க நாலு பேரு சத்துவாச்சாரில ஒரு மொட்டமாடி ரூம்ல ஃபேன்கூட போடாம மே மாசம் ஃபுல்லா வெந்தோம். ஃபேன் போட்டா கோட்டை அகழித் தண்ணி பறக்கும். தண்ணின்னா நீலக் கலர் பாலிதீன் கவர்.

கதை சிம்பிள். இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா ஒண்ணு, பிரியாணிக்குத் தொட்டுக்கிற எண்ணெ கத்திரிக்காயா ஆகப் புடிக்காம மார்க்கெட்ல இருந்து தப்பிச்சு வேலூர் கோட்டைக்கு ஓடிடுது. 2023ல புவிசார் குறியீடு வாங்குன காய், இதவிட பெரிய ஸ்டார் நம்ம ஊர்ல யாரு? மொதல்ல கம்ப்யூட்டர்லயே பண்ணலாம்னு பிளென்டர்னு ஒரு அனிமேஷன் சாஃப்ட்வேர் டவுன்லோட் பண்ணோம், ஃப்ரீ தானே, ஆனா எங்ககிட்ட இருந்த ஒரே லேப்டாப் செஞ்சத வீடியோவா மாத்த ரெண்டர் போட்டதும் ரைஸ் மில்லு மாதிரி சத்தம் போட்டுட்டு படுத்துடுச்சு. சரி, ஸ்டாப் மோஷன். காயக் கொஞ்சூண்டு நகத்து, போட்டோ எடு, நகத்து, போட்டோ எடு. சினிமான்னா செகண்டுக்கு 24 ஃப்ரேம், ஒரே போட்டோவ ரெண்டு ஃப்ரேமுக்கு வெச்சா 12 போதும். அப்பவும் 90 செகண்டுக்கு 1080 போட்டோ ஆச்சு.

கோட்டைச் சொவரு தெர்மாகோல்ல வெட்டுனோம். கருங்கல் எஃபெக்ட் வரட்டும்னு குடியாத்தத்துக்காரன் ஸ்ப்ரே பெயிண்ட் அடிச்சான் பாருங்க, அடிச்ச எடமெல்லாம் அப்படியே கரைஞ்சு குழி குழியா போச்சு. ஸ்ப்ரேல இருக்குற கெமிக்கல் தெர்மாகோலத் தின்னுடும்னு அப்பதான் தெரிஞ்சுது. ரெண்டாவது சொவருக்கு போஸ்டர் கலர்.

மூணாவது நாள் ஹீரோவுக்கு தோல் சுருங்க ஆரம்பிச்சுடுச்சு. ஒரு கிலோ வாங்கி டூப் தேடுனா ஒண்ணோட காம்பு முள்ளு மாதிரி இன்னொண்ணு இல்ல. உத்துப் பாத்தா படத்துல அஞ்சு கத்திரிக்கா நடிச்சிருக்குறது தெரியும், யாரும் பாக்க மாட்டாங்கன்னு நாங்களே சொல்லிக்கிட்டோம். வெளிச்சம் வேற தொல்ல. போன் தானா பிரைட்னஸ மாத்தி மாத்தி வெச்சதுல மொத நாள் ஷாட்டெல்லாம் கண்ண சிமிட்டுற மாதிரி மினுக்கிக்கிட்டே இருந்துச்சு, அப்புறம் எக்ஸ்போஷர லாக் பண்ணி, ஜன்னலுக்கு கருப்பு சார்ட் ஒட்டி, வெள்ள சட்ட போட்டவன வெளிய அனுப்பினோம் (அவன் குனியும்போதெல்லாம் சட்டையோட வெளிச்சம் காய் மேல அடிச்சுது).

ஓடுறது, குதிக்கிறதெல்லாம் ஈஸிங்க. சும்மா நிக்க வெக்கிறதுதான் உயிர வாங்குச்சு. ஹீரோ சொவத்து மேல நின்னு அகழியப் பாக்குற ஷாட், நாலு செகண்டு. நகரவே இல்லையேன்னு ஒரே போட்டோவ நீட்டிப் போட்டோம். ஓட்டிப் பாத்தா, "இன்னாடா, செத்துப்போன மாரி கீது"ன்னான் ஒருத்தன். கரெக்ட்தான், காய் மாதிரி இருந்துச்சு. அதனால அடியில பேப்பர மடிச்சு வெச்சு, மடிப்பு ஒண்ணொண்ணா ஏத்தி எறக்கி மூச்சு விட வெச்சோம், நடுவுல ஒரு தடவ கண்ண மூடித் தொறக்க மூணு போட்டோ. 48 போட்டோக்கு ஒரு முழு சாயந்தரம். இப்பவும் எனக்குப் புடிச்ச ஷாட் அதுதான், ஒண்ணுமே நடக்காது அதுல.

எழுநூத்திச் சொச்சம் போட்டோல கரண்ட் போய் இருட்டுல யாரோ ட்ரைபாட உதைச்சுட்டோம். யாருன்னு இன்னி வரைக்கும் ஒத்துக்கல. அந்த குலுக்கல மறைக்க இடி சத்தம் சேத்தோம்.

படத்த மொட்டமாடி சொவத்துலயே ப்ரொஜெக்டர் வாடகைக்கு எடுத்துப் போட்டோம். வீட்டுக்கார ஃப்ரெண்டோட அம்மா கடைசி வரைக்கும் ரசிச்சுப் பாத்துட்டு, "தப்பிச்சுடுச்சில்ல, பாவம். அந்தக் காய் இப்ப எங்கடா?"ன்னாங்க.

"மூணாவது நாள் நீங்கதாம்மா கொழம்பு வெச்சீங்க."